எஜமானன் இல்லாத ஏற்பாடு

மும்பை டப்பாவாலாக்கள் வளர்ந்த கதை

காலை மணி 10. புறநகர் ரெயில் நிலையம் ஒன்றின் வாசல். அது அந்தேரியாக இருக்கலாம். காட்கோபராகவோ, முலுண்டாகவோ இருக்கலாம்.

வெள்ளைக் குல்லா போட்ட ஆட்கள் சைக்கிளில் ஒவ்வொருவராக வந்து இறங்குகிறார்கள். சைக்கிளின் முன்னும் பின்னும் சாப்பாட்டு டப்பாக்கள் தொங்குகின்றன. இறங்கிய வேகத்தில் டப்பாக்களை தரையில் பரப்புகிறார்கள். ஒருவர் கொண்டு வந்ததை இன்னொருவர் எடுக்கிறார். இங்கே நான்கு, அங்கே ஆறு என்று குவியல்கள் சேருகின்றன. குவியல்கள் நீண்ட மரத் தட்டுகளில் ஏறுகின்றன. தட்டுகள் தலையில் ஏறுகின்றன. ரெயில் வருகிறது. தரை காலியாகிவிடுகிறது.

இவ்வளவும் சில நிமிடங்களில் முடிகிறது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. கையில் காகிதம் இல்லை. மேற்பார்வையாளர் இல்லை.

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. பார்த்துப் பார்த்துப் பழகியதால், அதில் ஒரு பெரிய ஆச்சரியம் ஒளிந்திருப்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த ஏற்பாட்டுக்குத் திட்டம் போட்டவர் யார்?

ஒருவரும் இல்லை என்பதுதான் பதில்!

1890-ல் விழுந்த விதை

வெள்ளைக்காரர் ஆட்சியில் பம்பாய் வேகமாக வளர்ந்து கொண்டிருந்தது. 1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி போரிபந்தரில் இருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரெயில் ஓடியது. அதன் பிறகு வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்று வாழ முடிந்தது. கோட்டைப் பகுதியில் வங்கிகளும் கம்பெனிகளும் பெருகின. அங்கே பல ஊர்க்காரர்கள், பல சாதிக்காரர்கள், பல மதத்தினர் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு சமையல். கண்ட இடத்தில் சாப்பிட மனம் ஒப்பாது. காலையில் சீக்கிரம் கிளம்புவதால் சமைத்து எடுத்து வரவும் நேரம் இருக்காது.

பார்சி வங்கிக்காரர் ஒருவர், தன் வீட்டில் இருந்து மதியச் சாப்பாட்டை எடுத்து வர ஓர் ஆளை அமர்த்தினார் என்றும், அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. 1890-ல் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் சுமார் 100 ஆட்களைச் சேர்த்து இதை ஒரு தொழிலாக நடத்தத் தொடங்கினார். டப்பாவாலாக்களின் வரலாறு அந்த ஆண்டில் இருந்தே எண்ணப்படுகிறது.

பச்சே செய்தது சிறிய காரியம். ஒரு வீட்டில் வாங்கி ஓர் அலுவலகத்தில் கொடுப்பது, அவ்வளவுதான். அந்தச் சிறிய காரியம் சரியாக நடந்தது. அதனால் ஆட்கள் கூடினார்கள். ஆட்கள் கூடியதால் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டி வந்தது. பிரித்துக்கொண்டதால் டப்பாவுக்கு அடையாளம் தேவைப்பட்டது. ஒரு தேவை இன்னொன்றைப் பெற்றது.

1956-ல்தான் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளை பதிவானது. 1968-ல் சங்கம் அமைந்தது. அதாவது, வேலை தொடங்கி 66 ஆண்டுகளுக்குப் பிறகுதான் பெயர்ப்பலகை வந்தது! சங்கம் அமைத்து டப்பாக்களை ஓடவிடவில்லை. ஓடிக்கொண்டிருந்த டப்பாக்களுக்குத்தான் சங்கம் அமைந்தது.

ஒரு டப்பாவின் பயணம்

முலுண்டில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவருக்குக் கோட்டைப் பகுதியில் குமாஸ்தா வேலை. அவர் 8 மணிக்கே புறப்பட்டு விடுகிறார். மனைவி நிதானமாகச் சமைத்து, சாதம், ரசம், பொரியல், தயிர் என்று அடுக்கு டப்பாவில் அடைத்து வாசலில் வைக்கிறார். 9 மணியை ஒட்டி டப்பாவாலா வருகிறார். பேச்சு இல்லை. எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவருக்கு இதுபோல் சுமார் 30 வீடுகள்.

நிலையத்தில் முதல் பிரிப்பு நடக்கிறது. வி.டி. பக்கம் போக வேண்டியவை ஒரு குவியல், தாதரில் மாறி மேற்கு ரெயில்வேக்குப் போக வேண்டியவை இன்னொரு குவியல். முலுண்டு டப்பா இப்போது வேறு ஆளின் கைக்கு மாறிவிட்டது. தட்டு லக்கேஜ் பெட்டியில் ஏறுகிறது. நிறைந்த தட்டு ஒன்றின் எடை 60 கிலோவுக்கு மேல் இருக்கும்.

இறங்கும் நிலையத்தில் மறுபடி பிரிப்பு. இப்போது தெரு வாரியாக, கட்டிட வாரியாக. தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும் கடைசிப் பயணம். மதியம் 12-30 மணிக்கு மேல், குமாஸ்தா எழுந்து வரும்போது, வீட்டு ரசம் வாசலில் காத்திருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் தலைகீழாக நடக்கும். காலி டப்பா அதே வழியில், அதே கைகள் வழியாகத் திரும்பும். மாலையில் குமாஸ்தா வீடு சேரும் முன்பே அவருடைய டப்பா வீடு சேர்ந்துவிடும்!

2020-க்கு முன், சுமார் 5 ஆயிரம் பேர் இந்த வேலையில் இருந்தார்கள். அவர்கள் ஒரு நாளில் சுமந்த டப்பாக்கள் 1 லட்சத்து 30 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை என்று கணக்குச் சொன்னார்கள்.

மூடிமேல் ஒரு மொழி

இவ்வளவு டப்பாக்கள் கைமாறியும் தடம் மாறாமல் போவது எப்படி? ரகசியம் மூடியில் இருக்கிறது.

ஆரம்ப நாட்களில் கலர் நூலும் கலர் துணியும் கட்டி அடையாளம் வைத்தார்கள். டப்பாக்கள் பெருகியதும் கலர் போதவில்லை. பெயிண்டால் எழுத்தும் எண்ணும் வந்தன.

மூடியின் நடுவே பெரிதாக ஓர் எண். டப்பா எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்லும். ஓரத்தில் சிறு எண்களும் எழுத்துக்களும். கொண்டு போய்க் கொடுப்பவர் யார், எந்தக் கட்டிடம், எந்த மாடி என்பதை அவை சொல்லும். கலரும் வடிவமும் டப்பா புறப்பட்ட நிலையத்தைக் காட்டும். எழுதப் படிக்க அதிகம் தெரியாதவரும் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, எழுதாமல் விட்டதைத்தான். மூடியில் வீட்டு முகவரி இல்லை. சாப்பிடுபவரின் பெயரும் இல்லை. ஏன்? வீடு எது என்பது, அந்த வீட்டுக்குப் போகும் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அது அவர் மனதில் இருக்கிறது. நிலையத்தில் பிரிப்பவருக்கு நடு எண் மட்டும் போதும். கட்டிடத்தில் கொடுப்பவருக்கு ஓர எழுத்துக்கள் மட்டும் போதும்.

முழுப் பாதையும் எந்த ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவரவர் துண்டு அவரவருக்குத் தெரிந்தால், துண்டுகள் சேர்ந்து முழுப் பாதை ஆகிவிடுகின்றன.

கட்டளை இடுவது ரெயில்

மேலதிகாரி இல்லை என்றால் நேரம் தவறாமல் நடப்பது எப்படி?

மேலதிகாரி இருக்கிறார். அவர் பெயர் லோக்கல் ரெயில்!

பெரிய நிலையங்களில் தட்டுகளை ஏற்ற சுமார் 40 விநாடி கிடைக்கும். இடை நிலையங்களில் 20 விநாடிதான். ரெயில் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே, ரெயிலுக்கு முன்னால் நடக்கும் பிரிப்பு குறித்த நேரத்தில் முடிந்தாக வேண்டும். பிரிப்பு முடிய வேண்டுமானால் சைக்கிள்கள் நேரத்தோடு வர வேண்டும். சைக்கிள் வர வேண்டுமானால் வீட்டு வாசலில் டப்பா தயாராக இருக்க வேண்டும். அடிக்கடி தாமதம் செய்யும் வாடிக்கையாளரை அவர்கள் விட்டுவிடுவார்கள். ஒரு வீட்டுக்காகக் காத்திருந்தால் 30 பேரின் சாப்பாடு ரெயிலைத் தவறவிடும்.

ஆக, சர்ச்கேட்டுக்குப் போகும் ரெயிலின் நேரம், எங்கோ ஒரு வீட்டில் குக்கர் எப்போது விசில் அடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது!

டப்பாவும் கூடிய வரை ஒரே மாதிரி, உருளை வடிவில் இருக்க வேண்டும். விதம் விதமான பாத்திரங்கள் தட்டில் அடங்காது. இந்த விதிகளைக் கட்டிக்காப்பது தட்டின் அளவும் கடிகாரமும்தான்.

2003-ல் பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் மும்பைக்கு வந்தபோது டப்பாவாலாக்களைச் சந்தித்தார். அவர்களுடைய வேலை நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாத நேரம் பார்த்துத்தான் அந்தச் சந்திப்பு நடந்தது.

25 பேர் கொண்ட குடும்பம்

டப்பாவாலாக்கள் சுமார் 25 பேர் கொண்ட குழுக்களாக இருந்தார்கள். மொத்தம் சுமார் 200 குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அனுபவப்பட்ட ஒரு முகாதம், அதாவது மேஸ்திரி. வரவு செலவு குழுவுக்குள்ளேயே. வருமானம் ஏறத்தாழ சம பங்கு. பழைய ஆளுக்கு ஒரு கூலி, புதிய பங்காளிக்கு ஒரு கூலி என்று கிடையாது.

குழுவில் இரண்டு மூன்று பேர் கூடுதலாக இருப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் சைக்கிள் பஞ்சர் என்றால் இவர்கள் கை கொடுப்பார்கள். வேலை நேரத்தில் குடித்தால் அபராதம். குல்லா போடாவிட்டாலும் அபராதம்.

வாடிக்கையாளரைப் பிடிப்பதில் குழுவுக்குக் குழு போட்டி உண்டு. ஆனால் டப்பா ரெயில் ஏறியதும் போட்டி போய்விடும். ஒரு குழுவின் டப்பாவை இன்னொரு குழு பொறுப்பாகக் கொண்டு சேர்க்கும். சேர்க்காவிட்டால், நாளை தன் டப்பாவும் நடுவழியில் நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புதிதாக வருபவர் முதலில் சம்பளத்துக்கு வேலை செய்வார். பழகிய பின், எதிர்பார்க்கும் மாத வருமானத்தைப் போல் சுமார் 10 மடங்கு கொடுத்துப் பங்கு வாங்க வேண்டும். பங்கு வாங்கியவர் கூலியாள் அல்ல, உரிமையாளர். டப்பா தவறினால் வாடிக்கையாளர் போவார். போகும் பணம் கம்பெனியுடையது அல்ல, தன்னுடையது. தவறைத் திருத்த இதைவிட நல்ல ஆசிரியர் வேண்டுமா?

இவர்களில் பெரும்பாலோர் புனே மாவட்டத்தின் மாவல், முல்ஷி, கேட், ஜுன்னர், அம்பேகாவ் போன்ற தாலுகாக்களைச் சேர்ந்தவர்கள். பண்டரிபுரம் விட்டலனை வணங்கும் வார்க்கரி குடும்பங்கள் இவர்களில் அதிகம். அண்ணன் தம்பியையும், மாமன் மருமகனையும் கூட்டி வருவார்கள். ஊரில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்தாக வேண்டும். அதனால் நகரத்தில் ஏமாற்ற முடியாது.

தமிழர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களும் இப்படித்தான் வந்தார்கள். ஊர்க்காரர் அறையில் தங்கி, ஊர்க்காரர் காட்டிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அடுத்த ஆளைத் தாங்களே கூட்டி வந்தார்கள். எந்த இலாகாவும் அவர்களை வரிசைப்படுத்திக் குடியேற்றவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. ஊர் நம்பிக்கையில் கட்டிய வட்டத்துக்குள் வெளியூர்க்காரர் நுழைவது கடினம். உள்ளே இருப்பவரைக் காக்கும் சுவர், வெளியே இருப்பவருக்குத் தடைதான்.

எறும்பும் நீர்ச்சுழியும்

தலைவன் இல்லாமல் ஒழுங்கு பிறப்பது இயற்கையில் எங்கும் நடக்கிறது.

எறும்புகளைப் பாருங்கள். ராணி எறும்பு முட்டையிடும். உத்தரவு போடாது. 1989-ல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புற்றுக்கும் தீனிக்கும் நடுவே இரண்டு பாலங்கள் வைத்தார்கள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. முதலில் எறும்புகள் இரண்டிலும் போயின. எறும்பு நடக்கும்போது ஒரு வாசனையை விட்டுச் செல்லும். குட்டைப் பாலத்தில் போனவை சீக்கிரம் திரும்பின. அதனால் அங்கே வாசனை சீக்கிரம் கூடியது. வாசனை கூடிய பக்கம் மேலும் எறும்புகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குட்டைப் பாலத்துக்கு வந்துவிட்டன. எந்த எறும்பும் பாலத்தை அளந்து பார்க்கவில்லை!

அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்யா பிரிகோஜின், 1977-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவருடைய ஆராய்ச்சி, ஓட்டத்தில் பிறக்கும் ஒழுங்கைப் பற்றியது. தொட்டியின் அடைப்பானைத் திறந்தால் தண்ணீர் ஓடும்போது ஒரு சுழி உண்டாகிறது. அதற்கு வடிவம் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுத்து அலமாரியில் வைக்க முடியாது. தண்ணீர் ஓடும் வரைதான் சுழி இருக்கும். நின்றால் கலைந்துவிடும்.

டப்பாவாலா ஏற்பாடும் அப்படிப்பட்ட ஒரு சுழிதான். அதற்குக் கட்டிடம் இல்லை. எந்திரம் இல்லை. தினமும் ஓடும் ரெயில், தினமும் சமைக்கும் வீடு, தினமும் திறக்கும் அலுவலகம், இந்த மூன்றும் சேர்ந்த ஓட்டத்தில் எழுந்த வடிவம் அது.

இந்த வேலையில் தவறு 60 லட்சத்தில் ஒன்று, 1 கோடியே 60 லட்சத்தில் ஒன்று என்றெல்லாம் எழுதினார்கள். ஒவ்வொரு டப்பாவாக எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல அது. ஆனால் தவறு மிகக் குறைவு என்பது, சாப்பிட்டவர்கள் அறிந்த உண்மை. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி 2010-ல் இதைப் பாடமாகவே எழுதியது. 2011 ஆகஸ்டில் அன்னா ஹசாரேவுக்கு ஆதரவாக ஒரு நாள் வேலையை நிறுத்தினார்கள். 120 ஆண்டுகளில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை என்று பேசப்பட்டது.

ஓட்டம் நின்றது

2020 மார்ச் மாதம். கொரோனா வந்தது. உலகப் போரின்போதுகூட ஓடிய மும்பை லோக்கல் ரெயில்கள் நின்றன. அலுவலகங்கள் மூடின. அந்த வாரமே டப்பாக்களும் நின்றன.

ஓர் ஆள் வராவிட்டால் சமாளிக்க இந்த ஏற்பாட்டுக்குத் தெரியும். ஒரு ரெயில் ரத்தானால் அடுத்ததில் ஏற்றத் தெரியும். மழையில் பாதை மூழ்கினால் வேறு வழி பார்க்கத் தெரியும். ஆனால் ரெயில், வீடு, அலுவலகம் மூன்றும் ஒரே நாளில் மாறினால்? அதற்கு அதனிடம் பதில் இல்லை.

அந்த ஆண்டு ஜூனில் அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும் ரெயில் ஓடியது. அக்டோபரில் டப்பாவாலாக்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் யாருக்குச் சாப்பாடு சுமப்பது? குமாஸ்தாக்கள் வீட்டில் இருந்தே வேலை பார்த்தார்கள். பலர் ஊருக்குப் போய் வயலில் இறங்கினார்கள். சிலர் காவலாளி வேலைக்குப் போனார்கள். 10 மாத வருமானத்தைக் கொடுத்து வாங்கிய பங்கு, டப்பா இல்லாமல் வெறும் பங்காக நின்றது.

அலுவலகங்கள் மீண்டும் திறந்தன. எல்லா டப்பாக்களும் திரும்பவில்லை. சில அலுவலகங்களில் வாரத்தில் சில நாள் வந்தால் போதும். செல்போனைத் தட்டினால் ஓட்டல் சாப்பாடு வருகிறது. முன்பு 30 டப்பா போன கட்டிடத்துக்கு 5 டப்பா போனால், ஏறும் படி அதேதான், தள்ளும் வண்டி அதேதான், வருமானம் மட்டும் ஆறில் ஒரு பங்கு. கட்டணத்தை உயர்த்தினால் அந்த ஐவரில் இருவர் போய்விடுவார்கள். எப்படி ஒவ்வொன்றாகக் கூடி வளர்ந்ததோ, அப்படியே ஒவ்வொன்றாகக் கழன்று குறையவும் முடியும். இப்போது அந்தப் படையில் இருப்பவர்கள் பழைய 5 ஆயிரத்தில் ஒரு பகுதியினரே.

மீண்டும் ஒரு டப்பா

இதை உத்தரவு போட்டுக் காப்பாற்ற முடியுமா? முடியாது. உத்தரவால் பிறக்காதது உத்தரவால் பிழைக்காது. அரசு லக்கேஜ் பெட்டியில் இடம் கொடுக்கலாம். கடன் கொடுக்கலாம். சைக்கிள் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் டப்பாவை இன்னொருவர் தன் டப்பாவாக நினைத்துச் சுமக்கும் பழக்கத்தை வாங்கிக் கொடுக்க முடியாது. அது 130 ஆண்டுகளில் கை மாறிக் கை மாறி வந்தது.

ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் அழியவில்லை. மூடியின் மொழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ரெயில் ஓடுகிறது. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களும், சர்க்கரை வியாதிக்காக வீட்டுச் சோற்றைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1890-ல் இதைவிட அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை. அப்போது இந்த மொழிகூட இல்லை.

மாலை மணி 4-30. அதே புறநகர் நிலையம். ரெயில் நிற்கிறது. தட்டு இறங்குகிறது. முன்பு நான்கு தட்டு இறங்கிய இடத்தில் ஒன்றுதான். குல்லா போட்ட இருவர் அதைத் தரையில் வைத்துப் பிரிக்கிறார்கள். இவருக்கு எட்டு, அவருக்கு ஆறு. ஒரு வார்த்தை பேச்சு இல்லை. சைக்கிளில் மாட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு திசையில் போகிறார்கள்.

காலி டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. எங்கோ ஒரு வீட்டில் அந்தச் சத்தத்துக்குக் கதவு திறக்கிறது.